அறுபத்தாறு அங்குலத்துக்கு ஒரு சுற்று

7 ஜனவரி 2024, ஞாயிறு, காலை 9.40
அக்கா சுட்டது பத்து. இலக்கு அட்டையில் பட்டது நான்கு. அதிலும் இரண்டு குண்டுகள் படுத்தவாக்கில் உள்ளே போயிருக்கின்றன. ஓட்டை சாவித்துவாரம் போல நீளம்.

நீலா அக்கா காசிமேட்டில் மீன் ஏலத்தை முடித்துவிட்டு நேராகத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வருகிறவள். குழலின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் போட்டுக் குச்சியால் இறக்கும் பழைய ரக ரைபிள், கிளப்புடையது. 28-ஆம் தேதி மாநில அணிக்கான தேர்வு. ஒரே இடம். மூன்று முறை தவறவிட்டாள். இம்முறையும் தவறினால் ரைபிளைக் கிளப்பில் அடுத்து வரிசையில் நிற்கும் ரஞ்சித்துக்கு ஒதுக்கிவிடுவார்களாம்.

கிளப் செயலர் லோகநாதன் சார் அட்டையைப் பார்த்துவிட்டு, "காத்து, தம்பி" என்றார். கம்பத்தில் கொடி தூங்கிக்கொண்டிருந்தது.

9 ஜனவரி
காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்தில் போல்ட் அளப்பது என் வேலை; இன்று குழலின் முறுக்கை அளந்தேன். குச்சி நுனியில் துணியை இறுக்கிச் சுற்றி, பிடியில் கோடு போட்டு, உள்ளே தள்ளினால் போதும். குழலின் வரிப்பள்ளம் குச்சியைத் திருப்பும். முப்பத்துமூன்று அங்குலக் குழலைக் கடப்பதற்குள் அரைச் சுற்று. அதாவது அறுபத்தாறு அங்குலத்துக்கு ஒரு சுற்று. சோம்பேறி முறுக்கு. அக்கா இப்போது போடும் நீளமான கூம்புக் குண்டுக்கு இதைப்போல் இரண்டு மடங்கு வேகமான சுழற்சி வேண்டும். இல்லாவிட்டால் கரணம் அடிக்கும். உருண்டைக் குண்டுக்கு இதுவே தாராளம்.

லோகநாதன் சாரிடம் சொன்னேன். "இது ஜெர்மன் குண்டு, தம்பி. உங்க காட்டுப்பள்ளி போல்ட்டுன்னு நெனச்சியா?"

குழல் பாஸ்போர்ட் பார்த்துச் சுழற்றுவதில்லை, சார். — சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

10 ஜனவரி
உருண்டைக் குண்டுக்கு அக்கா சம்மதம். சம்மதம் என்றால், "இன்னாமோ பண்ணித் தொல."

12 ஜனவரி
உருண்டைக் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. துணித்துண்டில் பொதிந்துதான் இறக்க வேண்டும். அந்தத் துணிதான் பள்ளத்தைப் பிடித்துக் குண்டைச் சுழற்றும். அக்கா அப்பாவின் பழைய லுங்கியை நீட்டினாள். ஓரிடம் தேய்ந்து, ஓரிடம் தடித்து— என் மைக்ரோமீட்டருக்கே அவமானம். எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் புது லுங்கி வாங்கினேன். "சுருங்காது, சாயம் போவாது, அயர்ன் வேணாம்" என்றார் கடைக்காரர். எங்கே அளந்தாலும் ஒரே தடிமன். பொறியியல் என்றால் இது.

13 ஜனவரி
பத்துக்கு மூன்று. முன்னேற்றம், பின்பக்கமாக.

லோகநாதன் சார் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "உன் கணக்கெல்லாம் சோக்கா கீது, வெற்றி. குண்டுதான் படிக்கல."

முறுக்கு சரி. குண்டு சரி. அப்புறம் இன்னாதான்?

14 ஜனவரி, போகி
விடியலில் தெருவில் நெருப்பு. அம்மா அப்பாவின் பழைய லுங்கிகளைப் போட்டாள். நான் ஆத்திரத்தில், மிச்சமிருந்த புது லுங்கியைப் போட்டேன். பழையது காகிதம் போல எரிந்து சாம்பலானது. புதியது சுருண்டது, உருகியது, கறுப்பு மணிமணியாகச் சொட்டியது. பிளாஸ்டிக் நாற்றம்.

பழையது சுத்தப் பருத்தி; புதியது பாலியஸ்டர் கலப்பு. குழலுக்குள் மருந்து வெடித்தபோதும் இதேதான் நடந்திருக்கும்: துணி உருகி, குண்டு பிடிப்பில்லாமல் தன் இஷ்டத்துக்குப் போயிருக்கும். தடிமனை அளந்த மேதை, என்ன துணி என்று கேட்கவில்லை.

கம்பால் கிளறி, பாதி எரிந்த லுங்கி ஒன்றை வெளியே இழுத்தேன்.

"இன்னாடா, போகில போட்டத எட்த்துக்கினு வர்ற? பீடைய வூட்டுக்குள்ள வுடறியா?" என்றார் அப்பா.

"அக்காவுக்குப்பா."

"என் லுங்கி அவளுக்கு இன்னாத்துக்குடா?"

விளக்கினேன். நம்பவில்லை.

20 ஜனவரி
குழலுக்குள் ஒட்டியிருந்ததைத் தேய்த்தெடுத்ததில் உள்ளங்கையில் கொப்புளம். பருத்தித் துண்டோடு சுட்டதில் பத்தும் அட்டையில். பத்து ஓட்டையையும் ஒரு டீ சாஸரால் மூடிவிடலாம். அக்கா அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

27 ஜனவரி
லுங்கி தீர்ந்தது. வெட்டிய துண்டுகள் நாளைய தேர்வுக்கு மட்டும் போதும். ஒன்று கிழிந்தாலும் மாற்று இல்லை.

28 ஜனவரி, மாலை
கடைசிக் குண்டுக்கு முன் அக்கா ரைபிளை இறக்கி வைத்துவிட்டு வெகுநேரம் நின்றாள். நான் நகத்தைத் தின்று முடித்திருந்தேன். பிறகு தூக்கினாள். மாநில அணியின் அந்த ஒரே இடம் அவளுக்கு.

லோகநாதன் சார் வந்து என் கையைக் குலுக்கினார். "இன்னிக்கிக் காத்து நின்னுச்சு, தம்பி." ஆமாம் சார். காற்றுதான்.

இனி:
1. எம்.சி. ரோட்டுக்குத் தீப்பெட்டியோடு போவது. கடைக்காரர் முன்னால் ஒரு நூலை எரித்துப் பார்த்துவிட்டே லுங்கி வாங்குவது.
2. அக்கா ஊரில் இல்லாத நாட்களில் ஏலத்துக்கு நான் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். விடிவதற்கு முன் எழப் பழகுவது.
3. அவள் துப்பாக்கிப் பெட்டிக்குத் துணித்துண்டு நூறு வெட்டுவது. அப்பா இப்போது கட்டியிருப்பது சுத்தப் பருத்தி. கேட்டுப் பார்ப்பது.