வெறும்வயிற்றுச் சனிக்கிழமைகள்

11.03.2006, சனி

அம்மா இன்று காலையும் தேத்தண்ணியைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தார், குடித்தவர் மாதிரி. ஏன் என்று கேட்டேன்.

"தவக்காலமெல்லே."

போன சனியும் இதே கதை. மற்ற நாட்களில் தவக்காலம் இல்லையா?

பிறகு கோயில் மண்டபத்துக்குப் போனோம். இங்கே ஜேர்மனியில் இருக்கிற எங்கள் ஊர்ப் பெண்களுக்கென்று பேர்பெச்சுவா அன்ரி தொடங்கிய உடற்பயிற்சிக் குழு. முதலில் நிறை பார்ப்பது, பிறகு பயிற்சி, கடைசியில் எண்ணெயில்லாமல் ரோல்ஸ் செய்கிற கதை. தங்களுக்குக் குனிந்து இலக்கம் பார்க்க ஏலாது என்று என்னைத் தராசடியில் இருத்தியிருக்கிறார்கள். உரத்து வாசிக்க வேண்டும். குறைந்தால் கைதட்டு. கூடினால், "எந்தக் கலியாணவீட்டுப் பலகாரமடி?" என்று சிரிப்பு.

வகுப்பில் வாசிக்கச் சொன்னாலே புத்தகம் கொண்டுவரவில்லை என்று சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டேன்; இங்கேயும் வாசிப்பு.

அம்மா ஒரு கிலோ குறைவு. கைதட்டினார்கள். அம்மா அப்படிச் சிரித்து நான் கனகாலம் காணவில்லை.

14.03, செவ்வாய்

அவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்பயிற்சி, கேட்டு எழுதிய இடங்களிலிருந்து பதில் இல்லை. வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன். அம்மாவின் சீனி வருத்தத்துக்கான குளிசைப் பெட்டியை எடுத்து வாசித்தேன். சாப்பாட்டோடு எடுக்க வேண்டுமாம். சனிக்கிழமையும் குளிசை எடுக்கிறாரா? கேட்க வேண்டும்.

17.03, வெள்ளி

கேட்கவில்லை.

18.03, சனி

அம்மா விழுந்திட்டா.

மண்டபத்தில் பயிற்சிக்குக் கையை உயர்த்திக்கொண்டு நின்றவா. முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்து, "வனஜா, கதவைத் திற" எண்டா. நான் வனஜாவோ? என்னையே ஆள் தெரியேல்லை. அப்படியே சரிஞ்சிட்டா. பக்கத்தில் நின்ற வனஜா அக்காதான் தன் பையிலிருந்த அப்பிள் சாறைப் பருக்கினவா. நான் தராசடியிலேயே நிண்டன்.

அம்புலன்ஸ்காரர் விரலில் குத்திப் பார்த்தார். சீனி நல்லாக் குறைவு. காலையில் என்ன சாப்பிட்டவா என்று என்னிடம் கேட்டார். கண் திறந்திருந்த அம்மாவிடம் நான் கேட்டேன்.

"குளிசை மட்டும். அதை விடக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லே."

"சாப்பாடு?"

"சாப்பிட்டா தராசில கூடக் காட்டும், பிள்ளை."

"நானும் சாப்பிடேல்லை," என்றார் வனஜா அக்கா. பின்னால் இன்னொரு குரல், "நானும்." பேர்பெச்சுவா அன்ரி மட்டும் தன்னைப் பற்றிச் சொல்லாமல் தராசைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

20.03, திங்கள்

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். இனி குழுவுக்குப் போகமாட்டாராம். "எல்லாருக்கும் முன்னால விழுந்துபோட்டு எந்த முகத்தோட போறது?"

போகாவிட்டால்? மறுபடியும் வேலை, குசினி, சோபா. அந்தச் சிரிப்பும் போய்விடும். போன கிழமையே நான் வாயைத் திறந்திருந்தால்... ஏன் எனக்கு வாய் வருகுதில்லை?

22.03, புதன்

பேர்பெச்சுவா அன்ரிக்குப் போன் எடுத்தேன். இரண்டு தரம் வைத்துவிட்டு மூன்றாம் தரம்தான் பேசினேன்.

"அன்ரி, இனி நான் வாசிக்கமாட்டன். தராசு வேண்டாம்."

"தராசு இல்லாட்டி ஆரடி வருவினம்?"

"அம்மா வருவா."

அம்மாவைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். அன்ரி, "அப்ப தராசில்லையெண்டு நீயே வந்து அவையளுக்குச் சொல்லு," என்று வைத்துவிட்டார்.

25.03, சனி

அம்மா வந்தார், முக்காடு மாதிரிச் சால்வையைப் போட்டுக்கொண்டு. பாணும் அவித்த முட்டையும் கொண்டுபோய் வாசலடி மேசையில் வைத்தோம். தராசைத் தூக்கி மேடைக்குப் பின்னால் வைத்தேன்.

முதலில் வனஜா அக்கா வந்தார்.

"அக்கா, காலமை சாப்பிட்டனீங்களோ?"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பக் கேட்டேன்.

"இல்லையடி," என்று சிரித்துக்கொண்டு முட்டையை எடுத்தார்.

அடுத்ததாகப் பேர்பெச்சுவா அன்ரி. என்னைப் பார்க்காமல் உள்ளே போகப் பார்த்தார்.

குறுக்கே நின்று அவரிடமும் கேட்டேன்.