குதிகாலுக்கு ஒரு பட்டு

சின்ன காஞ்சிபுரம்,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் தீபிகாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் இடது குதிகால் மட்டும் கொஞ்ச நாள் கோபித்துக்கொண்டிருந்தது, இப்போது அதுவும் சமாதானமாகிவிட்டது. உன் இரண்டு குதிகாலும் ஆறிவிட்டதா என்று தெரிய ஆசை. போனில் கேட்கலாம் என்றால் உன் மலையில் டவர் கிடைக்கிற நேரம் பார்த்து இங்கே அடுப்பில் பால் பொங்குகிறது, எனக்குக் கை ஓய்ந்தால் உனக்கு டவர் போய்விடுகிறது. அதனால் பார்சலோடு சேர்த்து எழுதியே அனுப்புகிறேன். பிரித்ததும் பூட்ஸைப் பார்த்து முகம் சுளிக்காதே, முதலில் இதைப் படி.

கருட சேவைக்கு நீ லீவில் வந்தபோது வாசலிலேயே நொண்டினாயே, அது என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. காட்டு வேலைக்கு நல்லது என்று ஆசைப்பட்டு வாங்கிய பூட்ஸ், வேட்டைக்காரர்கள் போடுகிற ரகம் என்றாய். வேட்டையைத் தடுக்கப் போகிறவளுக்கு வேட்டைக்காரன் பூட்ஸா என்று அப்பா சிரித்தார், நீ சிரிக்கவில்லை. வனக்காவலர் பயிற்சியில் முதல் நெடுநடையில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன், ஆடியில் வருகிற நடையிலும் உட்கார்ந்தால் காட்டு ரோந்து கிடையாது, ஆபீஸ் நாற்காலிதான், அதற்கு நான் வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, பூட்ஸை இங்கேயே போட்டுவிட்டுக் கேன்வாஸ் ஷூவில் கிளம்பிப் போனாய். அப்பாவுக்கு அன்றைக்கு வாயெல்லாம் பல். பொண்ணு வந்துடும் என்று தெருவெல்லாம் சொல்லி, செய்யாறு பக்கம் ஒரு மாப்பிள்ளை ஜாதகம் வரைக்கும் போய்விட்டார். எனக்குத்தான் மனசே ஆறவில்லை. யானைக் கூட்டம் பார்த்த அன்று நீ போனில் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாயே, அந்தக் குரலை நான் நீ பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அது குதிகாலில் ஒரு கொப்புளத்தால் போகக் கூடாது.

செருப்பில் உன் நம்பர்தான் எனக்கும். நீ போன மறுநாள் காலையில் சாக்ஸை மாட்டி, பூட்ஸைப் போட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பிவிட்டேன். எதிர்வீட்டுப் பெரியநாயகி அக்கா கோலப்பொடியும் கையுமாக நிமிர்ந்தவள் நிமிர்ந்தபடியே நின்றாள். எங்கேம்மா, எல்லைப் பாதுகாப்புக்கா என்று கேட்டாள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று நடந்தேன். நடந்து வந்து பார்த்தால் குதிகாலில் எட்டணா அளவுக்குக் கொப்புளம். பூட்ஸ்தான் கட்டையாக இருக்கிறது என்று உள்ளே தேங்காய் எண்ணெய் தடவினேன், சாக்ஸ் நாசமானதுதான் மிச்சம், கொப்புளம் குறையவில்லை.

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. இந்த ஊரில் நாலு அடி நடந்தால் ஒரு வாசல். பால்காரர் வீட்டில் கழற்று, பூக்கடையம்மா படியில் கழற்று, கோபுரத்தைப் பார்த்தால் கழற்று. ஒவ்வொரு தடவையும் குனிந்து லேஸை அவிழ்க்க யாரால் முடியும்? நான் லேஸைத் தொளதொளவென்று விட்டு, செருப்பைப் போலக் காலை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். நடக்கும்போது பூட்ஸ் தரையில் நிற்கிறது, குதிகால் மட்டும் உள்ளே ஏறி இறங்குகிறது, அந்த உரசலில் தோல் கழன்று போகிறது. உடனே நீ லீவில் வந்த நாள் ஞாபகம் வந்தது. லேஸை அவிழ்க்காமலே ஒரு காலால் மறு பூட்ஸை மிதித்து உதறிவிட்டு உள்ளே வந்தாயே. கட்டின லேஸ் கட்டினபடியே இருந்தது. அம்மாவும் பொண்ணும் ஒரே மாதிரி என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பூட்ஸின் மேலும் தப்பில்லை, உன் காலின் மேலும் தப்பில்லை கண்ணு, காஞ்சிபுரத்துக்காரி லேஸ் கட்டுகிற லட்சணம் அது.

அதனால் நான் சொல்வதைச் செய். காலை உள்ளே விட்டதும் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்பக்கம் நன்றாக உட்கார வை. விரல் பக்கம் கொஞ்சம் தளர்வாக விட்டு, கணுக்கால் மடிகிற இடத்தில் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு மேலே கட்டு. கழற்றும்போது முழுசாக அவிழ்த்துக் கழற்று, சோம்பல்படாதே. நான் போட்டு நடந்துவிட்டேன், இனி பழகியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதே, அது உன் காலுக்கு வளைந்தால்தான் உண்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நேரத்தைக் கூட்டு. எங்கேயாவது சூடாக உறைத்தால் அப்போதே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டிவிடு, கொப்புளம் வந்தபிறகு ஒட்டி என்ன செய்வது. சாக்ஸ் நனைந்தால் மாற்று. சீக்கிரம் வளையட்டும் என்று தண்ணீரில் ஊறவைத்து அடுப்பில் காட்டாதே, தோல் வெடித்துவிடும்.

இப்போது அப்பா கதைக்கு வருகிறேன். உன் கூடப் பயிற்சியில் இருக்கிற பெண் உள்ளே மெல்லிசாக, வழுக்குகிற மாதிரி இன்னொரு சாக்ஸ் போடுவாள், உரசல் அந்த இரண்டு துணிக்கு நடுவிலேயே போய்விடும் என்று நீ சொன்னதை ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டில் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் கடையிலிருந்து ஒரு துண்டுப் பட்டுத் துணியை எடுத்துக்கொண்டு டெய்லர் கலீமுல்லா பாயிடம் போயிருக்கிறார். உனக்கே தெரியும், புடவைக் கடையில் நாள் முழுக்க விரித்துக் காட்டுகிற மனுஷன், தவறிப்போய்க் கால் பட்டால் புடவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர். அவர் போய்க் காலுக்குப் பட்டு தைக்கச் சொன்னார் என்றால் பாய் எப்படி நம்புவார். வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்டாராம்.

முதலில் தைத்தது சரிப்படவில்லை. குறுக்காக வெட்டினால் பட்டு வீணாகும் என்று அப்பா அடம்பிடித்து நேராக வெட்ட வைத்திருக்கிறார், அது கணுக்காலில் மடிப்பு விழுந்து, நடந்து பார்த்த எனக்குப் பழைய புண் திரும்ப வந்தது. ரவிக்கைக்குக் கிராஸ் கட் போடுகிறோமே, கையைத் தூக்கினால் துணி இழுத்துக் கொடுக்கிறதே, காலுக்கும் அப்படித்தானே என்று பாய் சொன்ன பிறகுதான் அப்பா இறங்கி வந்தார். இரண்டாவது ஜோடியை அப்படி வெட்டி, தையல் குதிகால் பக்கம் வராமல் மேலே வருகிற மாதிரி தைத்துக் கொடுத்தார் பாய். அதைப் போட்டு, மேலே தடி சாக்ஸ் போட்டு, லேஸை இறுக்கிக்கொண்டு ஊரைத் தாண்டி ஏனாத்தூர் வரைக்கும் நடந்தேன் தீபிகா. காலேஜ் பசங்கள் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துக் கையாட்டினார்கள். நானும் கையாட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் குதிகாலில் ஒரு சிவப்புகூட இல்லை. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்துக்குப் பெரியநாயகி அக்காவுக்கும் சேர்த்துக் கேசரி கிண்டினேன்.

அந்த இரண்டாவது ஜோடிக்கு அரக்குக் கலர் துணி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. நேற்று பீரோவை ஒழித்தபோதுதான் தெரிந்தது. உன்னைப் பெண் பார்க்க வரும்போது கட்டிக்கொள்ள என்று அப்பா எனக்கே காட்டாமல் ஒரு அரக்குப் பட்டுப் புடவை வாங்கி வைத்திருக்கிறார். அதன் ரவிக்கைத் துண்டைக் காணோம். புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, இதுக்கு என்ன பதில் என்று கேட்டேன். அவர் அதை வாங்கி மடிப்பு கலையாமல் திரும்ப மடித்து வைத்துக்கொண்டே சொன்னார், "பொண்ணு முதல்ல நடந்து முடிக்கட்டும்மா. ஜாதகத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன். ரவிக்க வேற கலர்ல கூடப் போட்டுக்கலாம்."

இதற்கு மேல் நான் என்ன எழுத. பார்சலில் பூட்ஸுக்குள்ளேயே அந்தப் பட்டு சாக்ஸும், பிளாஸ்திரிச் சுருளும் இருக்கிறது, பருப்புப்பொடி தனி டப்பாவில். பட்டைக் கையால் அலசி நிழலில் காயப்போடு, முறுக்கிப் பிழியாதே. வரதர் உன் கூடவே நடந்து வருவார், நீ நல்லா இருப்பாய். வேலை பிடிக்கவில்லை என்றால் வா, காடு அலுத்துவிட்டது என்றால் வா, கதவு எப்போதும் திறந்துதான் இருக்கிறது. குதிகால் வலிக்கிறது என்று மட்டும் வராதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா
கோ. வள்ளி