இரண்டு பேரும் போட்டுப் பார்த்த வண்டி

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

மெக்கானிக் வந்தார். நம் கிழட்டுக் கார் குளிரில் மக்கர் பண்ணுவதற்கு பேட்டரிதான் காரணமாம். "ஓட்டாம, சும்மா ஸ்டார்ட் பண்ணி உடனே ஆஃப் பண்றீங்களா? அதான் சார்ஜ் இறங்குது" என்றார். காலையில் கிளம்புமா என்று தினமும் படுக்கும் முன் ஸ்டார்ட் போட்டுப் பார்ப்பது நான்தான்.

அது தெரியாமல், வண்டியைக் கவனிக்கத் துப்பில்லை என்று நேற்று உங்கள் தங்கை எதிரிலேயே திட்டித் தீர்த்துவிட்டேன்.

சார்ஜ் ஏற்றியாயிற்று. சாவி பிரிட்ஜ் மேல். நான் வேலைக்கு பஸ்ஸில் போகிறேன். தங்கையை அவள் வீட்டிலிருந்து காரிலேயே போய்க் கூட்டி வாருங்கள். அவள் எதிரிலேயே மன்னிப்புக் கேட்கிறேன்.

பி.கு.: பக்கத்து வீட்டு அக்கா இப்போதுதான் சொன்னார்: "நீ உள்ள போனதும் உன் வீட்டுக்காரரும் வந்து ஒரு தடவை போட்டுப் பாக்கறாரே. காலைல நீ குளிர்ல நிக்கக் கூடாதாம்."

இன்று ராத்திரி யாரும் போட்டுப் பார்க்க வேண்டாம். காலையில் வண்டி கிளம்பாவிட்டால் சேர்ந்தே தள்ளுவோம்.