நிரோ, உன் அப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை

என் அன்புத் தம்பி நிரோ,

உன் அப்பாவுக்கு ஒளித்துத்தான் இதை எழுதுகிறேன். நீ இல்லை என்று யார் வாய் திறந்தாலும் அவர் எழும்பிப் போய்விடுகிறார். எழுதச் சொன்னது அன்ரிதான், உன் அம்மா. "ஜெனி, பூசை குடுக்கத்தான் அவர் விடுறாரில்ல. நீ எண்டாலும் அவனுக்கு நாலு வரி எழுது, பத்திரிகையில போடுவம்." உன் அப்பா, அங்கிள், பத்திரிகை வாசிக்கிறதில்லையாம். யாராவது கொண்டுபோய்க் காட்டினால்? அதை நான் அன்ரியிடம் கேட்கவில்லை.

நாங்கள் சிலாபத்தில் படித்த காலத்தில் வெள்ளிக்கிழமை பின்னேரம் என்றால் கல்லூரிப் பிள்ளைகள் நேரே வீட்டுக்குப் போனதில்லை, நினைவிருக்கிறதா? கடற்கரை ஹோட்டல் முற்றத்தில் எங்கள் பேண்ட். மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்த கையோடு நான் கீபோர்டுக்கு வந்தேன். தில்லையடியிலிருந்து வந்து அறை எடுத்துப் படித்த பர்சான் ட்ரம்ஸ். நீ கிட்டாரும் பாட்டும். தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பாதியில் விட்டு மூச்சு எடுக்காமல் சிங்கள பைலாப் பாட்டுக்குப் பாய்வாய். கொத்து ரொட்டியைச் சாப்பிட்டபடியே பின்வரிசை எழும்பி ஆடும்.

ஒருநாள் உனக்கு இரண்டாவது சரணம் மறந்துபோயிற்று. பாரை, சூரை, கும்பளா, சாளை என்று உன் அப்பா விற்கிற மீன்களின் பேரை அதே மெட்டில் பாடினாய். படிப்பை விட்டுப் பாடித் திரிகிறாய் என்று ஏசிக் கூட்டிப்போக வந்த அங்கிள் வாசல் கேட்டடியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் வந்தார். உள்ளே மட்டும் வரமாட்டார். "மீன் வாடை பிள்ள, நான் இதிலயே நிக்கிறன்."

பிறகு காசில்லாமல் நாடு படுத்துக்கொண்டது. டீசல் இல்லை, கரண்ட் இல்லை. ஹோட்டலும் மூடிவிட்டது. கலியாண வீடுகளில்கூட யாரும் பாட்டுக்குக் கூப்பிடவில்லை. பர்சான் ஊருக்குப் போய், நானா என்று கூப்பிடும் அண்ணனின் கடையில் நின்றான். நீ கிட்டாரை உறையிலிருந்து எடுக்காமலே இருந்தாய்.

"அக்கா, நான் போறன்."

"எங்கடா?"

"போட்ல. அவுஸ்ரேலியாவுக்கு."

"விசரா உனக்கு? நீந்தக்கூடத் தெரியாது."

"மீன்காரன்ட மகனுக்கு நீந்தத் தெரியாதெண்டு வெளிய சொல்லிராதீங்க" என்று சிரித்தாய்.

கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அன்ரியிடம் சொன்னேன். அவ அழுதா. அங்கிள் சாப்பிடாமல் கிடந்தார். எல்லோரும் பூசைக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு காலையில் நீ போய்விட்டாய்.

இஞ்சின் பழுதாகிப் படகு நடுக்கடலில் நின்றதாம். அதில் இருந்தவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நீ வரவில்லை. உன்னோடு போன ஒருவர் வீடு தேடி வந்து சொன்னார்: புயலில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த உன்னை அலை அடித்துக்கொண்டு போனதாக. படகில் நீ பாடினாயா என்று அவரிடம் கேட்டேன். இல்லை, போன நாளிலிருந்து வாந்திதான் என்றார். அதை ஏன் கேட்டேனோ தெரியாது.

அங்கிள் ஒன்றுதான் கேட்டார். "அவன் தண்ணிக்குள்ள தாண்டு போனத நீ கண்ணால கண்டியா?"

"இருட்டு ஐயா. சத்தந்தான் கேட்டது."

"அப்ப நீ காணேல்ல."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கும் இருக்கிறார். உடம்பு வந்திருந்தால் பெட்டியைத் தொட்டு அழுதிருப்பார். இல்லாத உடம்பை நான் எங்கே போய்க் கொண்டுவர?

உனக்கொரு புதினம் சொல்ல வேணும். இந்த வருசம் கல்லூரிப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமைப் பாட்டைத் திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் நாளைக்கு என்னையும் பர்சானையும் வாசிக்கக் கூப்பிட்டார்கள். மேடைக்குப் பின்னால் உன் படம் போட்டு, 'நினைவாக' என்று பெரிதாக ஒரு பேனர். அங்கிள் வந்தார். முதல்முறையாக உள்ளே வந்தார். மேடையில் ஏறி, பேனரைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்வரிசைக் கதிரையில் இருந்தார். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாசிக்கத் தொடங்கினேன்.

முதலாம் வருடப் பிள்ளை ஒருத்தி பாடினாள். நல்ல குரல். முடிந்ததும் அங்கிள் என்னிடம் வந்தார்.

"பிள்ள நல்லாத்தான் பாடுது. ஆனா சொல்லி வை, அவன் வந்தா இடம் விடோணும்."

பர்சான் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஓம் அங்கிள், சொல்லி வைக்கிறன்" என்றேன்.

வேறென்ன சொல்லியிருக்க வேணும், நிரோ? உங்கள் வீட்டில் அன்ரி வாசலில் நின்றா. அவருக்குத் தெரியாமல் கோயிலில் உனக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்திருந்தா. "அவர் என்ன சொன்னவர்?" என்று கேட்டா. "பாட்டு நல்லமாம்" என்றேன். ஒரே வீட்டில் ஒருவர் நீ வருவாய் என்று காத்திருக்கிறார், மற்றவர் உனக்காக மன்றாடுகிறா. இரண்டு பேருக்கும் நடுவில் எதையும் செய்ய முடியாமல் நான் நிற்கிறேன்.

உன்னைத் திருப்பித் தர என்னால் முடியாது. முடிந்ததைச் சொல்கிறேன். உன் அம்மா கோயிலுக்குப் போகும்போது கூடப் போவேன். நீ எப்போது வருவாய் என்று உன் அப்பா கேட்கும்போது எழும்பிப் போகாமல் பக்கத்தில் இருப்பேன். அவர் கேட்கிற காலம் வரைக்கும் இருப்பேன், தம்பி.

உன்னோடு கூடப்பிறக்காத
ஜெனி அக்கா