543731-ஐ எது வகுக்கும்?

ஜூன் 3
முடிந்தது! எங்கள் பள்ளியின் தொலைபேசி எண் 543731 ஒரு பகா எண். ஒன்றையும் அதையும் தவிர எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. 2-இல் தொடங்கி 733 வரை (வர்க்கமூலம் 737-தான், அதற்கு மேல் பார்க்க வேண்டாம்) நூற்று முப்பது பகா எண்களாலும் கையாலேயே வகுத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு நொடி வேலை. அதில் என்ன பெருமை?

ஜூன் 4
தலைமையாசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. மதிலில் ஆளுயரத்துக்கு எழுதப்போகிறார்களாம்: "எங்கள் எண், பகா எண்." அப்படியென்றால் என்ன என்று பெயின்டர் கேட்டார். விளக்கினேன். "எங்க மாமியார் மாதிரி, யாருக்கும் மசியாதுன்னு சொல்லுங்க!"

ஜூன் 7
சுவர் ஜொலிக்கிறது. நாளை மறுநாள் பெற்றோர் கூட்டத்தில் எனக்குப் பாராட்டு.

ஜூன் 8
போச்சு. மானம் போச்சு.

பார்வைக்கு வைக்க என் கணக்கு நோட்டைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். 601, 607, 617... ஐயையோ, 613 எங்கே? அன்றைக்கு அந்த இடத்தில்தான் வீட்டுக்காரர் "பால் பொங்குது!" என்று கத்தினார். ஓடினேன். திரும்பி வந்து 617-இல் உட்கார்ந்துவிட்டேன்.

வகுத்தேன். 613 × 887. மீதி பூஜ்யம். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறேன்; எனக்கு இப்படி ஒன்று விழுந்ததில்லை.

வீட்டுக்காரரிடம் எகிறினேன். "அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டு கத்துறதுக்கு, நீங்களே அணைச்சிருந்தா கை தேஞ்சா போயிடும்?"

"தப்பாப் போட்டது நீ, திட்டு எனக்கா?"

அத்தோடு பேச்சு நின்றது.

ஜூன் 9
தலைமையாசிரியை காதோடு சொன்னார்: "யாரு டீச்சர் வகுத்துப் பாக்கப் போறாங்க? பேசாம இருங்க." சரி என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மைக்கைப் பிடித்ததும், "இது பகா எண் இல்லை, நான் ஒரு எண்ணைத் தாண்டிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை.

பின்வரிசையில் ஒரு அப்பா: "அப்ப எதாலதான் வகுபடும்?"

"நீங்களே கண்டுபிடிங்க. கையால!" என்றேன். வீம்புதான், வேறென்ன.

ஜூன் 12
பெயின்டர் மாற்றி எழுதிவிட்டார்: "இதை வகுக்கும் பகா எண்கள் இரண்டே. தெரிந்தால் இதே எண்ணுக்குச் சொல்லுங்கள்." ஆபீஸ் போன் ஓயவில்லை. கிளார்க் அம்மா என்னைப் பார்வையிலேயே எரிக்கிறார்.

வீட்டில் இன்னும் மௌனம். சட்டை எங்கே என்பதைக்கூட அவர் சுவரைப் பார்த்துத்தான் கேட்கிறார்.

ஜூன் 16
மூன்றாம் பீரியடில் கிளார்க் அம்மா கூப்பிட்டார். "ஒருத்தர் உங்ககிட்ட மட்டும்தான் விடை சொல்வாராம்."

"டீச்சருங்களா? அறுநூத்திப் பதிமூணு."

என் வீட்டுக்காரர்! எட்டு நாள் கழித்து அந்தக் குரல்.

"நோட்டைப் பாத்தீங்களா?"

"அதைத்தான் பீரோவுல பூட்டி வெச்சிருக்கியே. ரெண்டுலேர்ந்து ஒண்ணொண்ணா வந்தேன். ஒர்க்‌ஷாப்புல ரெண்டு வண்டி அப்படியே கெடக்கு."

"இன்னொரு எண்?"

"அதையும் நானே சொல்லணுமா? சாயங்காலம் சீக்கிரம் வா, சேர்ந்து வகுக்கலாம்."

613-ஆல் வகுத்தவருக்கு 887 அந்தத் தாளிலேயே ஈவாக வந்திருக்கும். நானும் தெரியாதவள் மாதிரி, "சரிங்க" என்றேன்.