ஆறாம் நாளும் எரிகிறது

மார்ச் 3

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் பயிற்சி வகுப்பும் ஹாஸ்டல் சாப்பாடும் எப்படி? போனில் பேசலாம்தான். ஆனால் போன் கூடத்தில் இருக்கிறது, கூடத்தில் அம்மா இருக்கிறாள். அதனால்தான் இந்தக் காகிதம்.

உனக்குச் சொன்னபடி குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைப் போன வியாழக்கிழமை செய்துகொண்டேன். இருபது நிமிஷம்தான். "அவ்வளவுதாங்க, எழுந்து போங்க" என்றார் டாக்டர். அறுபது அடி உயரத்தில் கிரேன் ஓட்டுகிறவன் அந்த மேஜையில் கிடந்து நடுங்கினேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதே. அம்மாவிடம் முதுகுப் பிடிப்பு என்று சொல்லி லீவில் இருக்கிறேன்.

ஒன்றுதான் கவலை. ஒன்றுக்குப் போனால் எரிகிறது. மூன்றாம் நாள் ஆரம்பித்தது, இன்று ஆறாம் நாளும் எரிகிறது. சொட்டுச் சொட்டாகப் போகிறது, நிறமும் அடர் மஞ்சள். அந்த டாக்டர் மேல் எனக்குச் சந்தேகம். இதை வெட்டப் போய் வேறு எதையாவது வெட்டித் தொலைத்துவிட்டாரோ?

சின்னவள் உன் தலையணையைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள்.

உன்,
கிரேன்காரன்


மார்ச் 7

அன்புள்ள உங்களுக்கு,

செய்துகொண்டீர்கள் என்று படித்ததும் அழுதுவிட்டேன். மூன்றாவது பிரசவத்தில் நான் செத்துப் பிழைத்ததை நீங்கள் மறக்கவில்லை. ஆனால் அடுத்த பத்தியைப் படித்ததும் அழுகை நின்றுவிட்டது.

என் பக்கத்துக் கட்டில்காரி முன்பு நர்ஸாக இருந்தவள். "எங்க சொந்தத்துல ஒருத்தருக்கு" என்று பொதுவாகக் கேட்டேன். "அதுல வெட்டுறது விந்து வர்ற குழாயை. மூத்திரம் வர்ற வழியே வேற. அந்த இடம் கொஞ்ச நாள் வலிக்கும், வீங்கும். ஆறாம் நாளும் ஒன்னுக்கு எரியுதுன்னா டெஸ்ட் எடுக்கணும், கிருமியா இருக்கும்" என்றாள். கிருமி எப்படி வரும் என்று கேட்டேன். "தண்ணி சரியா குடிக்கலைன்னாலும் வரும். போகக் கூடாத இடத்துக்குப் போனாலும் வரும்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

நான் ஊரில் இல்லாத இரண்டு மாதமும் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று எனக்கு என்ன தெரியும்? ஆபரேஷன் நிஜமாகவே நடந்ததா, இல்லை வேறு எதற்கோ வைத்தியம் பார்த்துவிட்டு எனக்குக் கதை விடுகிறீர்களா? கோபப்படாதீர்கள். கோபப்பட்டால் சந்தேகம் இன்னும் கூடும்.

பயிற்சி முடிந்ததும் இங்கேயே வேலை தருகிறேன் என்கிறார்கள். பிள்ளைகளை அழைத்து வந்து இங்கேயே தங்கிவிடலாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்களை நம்ப முடிந்தால் வீட்டுக்கு வருவேன். முடியாவிட்டால் வரமாட்டேன்.

காய்ச்சல் வந்தாலோ ரத்தம் போனாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள். என் கோபம் வேறு, உங்கள் உடம்பு வேறு.

இப்படிக்கு,
டீச்சரம்மா


மார்ச் 12

என் துப்பறியும் டீச்சரம்மாவுக்கு,

போகக் கூடாத இடமா? கிரேன் மேல் ஏறினால் ஒன்றுக்குப் போகவே இறங்க முடியாது, இதில் நான் எங்கே போவது? உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

டாக்டரிடம் போனேன். "தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?" என்றார். இரண்டு டம்ளர் என்றேன். "நாளுக்கா?" என்று வாயைப் பிளந்தார். உண்மையைச் சொல்லிவிட்டேன். மூத்திரமும் அந்தக் குழாயில்தான் வருகிறது, வேகமாகப் போனால் காயம் பிரிந்துவிடும் என்று பயந்து தண்ணீரைக் குறைத்தேன். வந்ததையும் முடிந்தவரை அடக்கினேன். அவர் சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டெஸ்டில் கிருமி இருக்கிறது. நானே இழுத்து விட்டுக்கொண்டது. ஐந்து நாள் மாத்திரை, தண்ணீர் தாராளமாக. மூன்று மாதம் கழித்து விந்து டெஸ்ட். அது சரியாக வரும்வரை ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம்.

ஆபரேஷன் சீட்டும் டெஸ்ட் சீட்டும் இதற்குள் இருக்கின்றன. நர்ஸம்மாவிடமும் காட்டு. இப்போதாவது நம்புவாயா?

உன்,
முட்டாள் கிரேன்காரன்


மார்ச் 17

உங்களுக்கு,

சீட்டுகள் கிடைத்தன. நம்பிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று எழுத உட்கார்ந்தேன். அதற்குள் அத்தையிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. ஒரு வெந்நீர்ப் பை, ஒரு கடிதம்.

"அவன் சட்டைப் பையில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரிவு என்று முத்திரை போட்ட மாத்திரை உறை இருந்தது. கேட்டேன். அங்கே உனக்கு ஆபரேஷன் ஆச்சு, உனக்கு அனுப்ப வாங்கினது என்றான். ஏம்மா என்னிடம் மறைத்தாய்? பளு தூக்காதே" என்று எழுதியிருக்கிறார்.

ஆபரேஷன் உங்களுக்கு, வெந்நீர்ப் பை எனக்கு. நன்றாக இருக்கிறது நியாயம். நான் எங்கெங்கேயோ சந்தேகப்பட்டேன், நீங்கள் பொய் சொன்னது உங்கள் வீட்டுக் கூடத்தில். மூன்று பிரசவம் பட்ட உடம்பு இது. இல்லாத ஆபரேஷனையும் இதன் தலையில் கட்ட எப்படி மனசு வந்தது? உங்களுக்கு அதில் என்ன வெட்கம்?

இத்துடன் அத்தைக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. கொடுப்பதும் கிழிப்பதும் உங்கள் இஷ்டம். கொடுத்தேன் என்று நீங்கள் எழுதினாலும் அது நிஜமா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. மாதக் கடைசிக்குப் பதினான்கு நாள் இருக்கிறது.

டீச்சர்


மார்ச் 22

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

எரிச்சல் போய்விட்டது.

உன் கடிதத்தைக் கொடுத்தேன். அம்மா கண்ணாடியைத் தேடினாள், கிடைக்கவில்லை. "நீயே படிடா" என்றாள். நினைத்தால் எதை வேண்டுமானாலும் மாற்றிப் படித்திருக்கலாம். "ஆபரேஷன் எனக்கில்லை அத்தை, உங்கள் பிள்ளைக்கு" என்ற இடத்தையும் அப்படியே படித்தேன். ஒரு வரி விடவில்லை.

அம்மா என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி மடித்தாள். பிறகு, "ஏன்டா, சொன்னா நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?" என்றாள்.

நீ இதை நம்பமாட்டாய். நம்பும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை. இந்தக் காகிதத்தில் கீழே மிச்சமுள்ள இடத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன். அவள் என்ன எழுதினாலும் ஒட்டித் தபாலில் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். நான் பார்க்கப்போவதில்லை.

உன்,
கிரேன்காரன்


மருமகளுக்கு,

கண்ணாடி பீரோ மேல் இருந்தது. உன் கடிதத்தை நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். அவன் எதையும் விடவில்லை. ஆனால் முடிக்கும்போது, "அவள் பட்ட கஷ்டம் போதாதென்று என் வெட்கத்தையும் அவள் தலையில் கட்டினேன், தப்பு என்மேல்தான்" என்று ஒரு வரி படித்தான். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டேன். உன் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை.