எனக்குப் படிக்கத் தெரியாத எட்டு எழுத்துகள்

அம்மா,

நேற்று என் மகள் செல்வி பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்து கூடத்தில் வைத்தாள். கீபோர்டைத் தூசி தட்ட உட்கார்ந்தேன். என் விரல் என்னைக் கேட்காமலேயே போய் எட்டுப் பட்டன்களை வரிசையாக அழுத்தியது. மறுபடியும் அழுத்தியது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். காலேஜில் நீங்கள் காட்டித்தந்த உங்கள் பாஸ்வேர்டு அம்மா. நீங்கள் இல்லை, அது இருக்கிறது.

நான் சொல்லச் சொல்லச் செல்வி எழுதுகிறாள்.

செகந்திராபாத் பக்கம் ஜீடிமெட்லாவில் வாட்ச்மேன் வேலை போனபின், குகட்பள்ளியைத் தாண்டி இருந்த இன்ஜினியரிங் காலேஜில் லேப் அட்டெண்டராகச் சேர்ந்தேன். அங்கே லெக்சரர்களில் என்னோடு தமிழில் பேச நீங்கள் ஒருவர்தான். நீங்கள் நாகர்கோவில் பக்கம், நான் ஆம்பூர். "அண்ணாச்சி" என்று கூப்பிட்டீர்கள். எங்கள் பக்கம் மளிகைக் கடைக்காரரைத்தான் அப்படிக் கூப்பிடுவோம் என்றேன். "அப்ப ரெண்டு கிலோ சீனி குடுங்க" என்றீர்கள்.

கண்ணாடிக் கட்டடங்களில் வேலைக்குப் போகப் பிள்ளைகள் பறந்துகொண்டிருந்த காலம். வாரத்தில் ஒரு மணி நேரம் நீங்கள் சிலபஸில் இல்லாத ஒன்றை நடத்தினீர்கள்: கம்ப்யூட்டருக்குள் முகம் தெரியாத இடத்திலும் மனுஷன் மனுஷனாக நடந்துகொள்வது எப்படி என்று. மார்க் கிடையாது என்பதால் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். வகுப்பில் இங்கிலீஷில் சொன்னதைப் பிறகு எனக்குத் தமிழில் சொல்வீர்கள். "பாஸ்வேர்டுங்கது கையெழுத்து அண்ணாச்சி. அத அடுத்தவனுக்குக் குடுத்தா, வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி."

அப்படிச் சொன்ன நீங்களே எனக்குக் கொடுத்தீர்கள். செகந்திராபாத்திலிருந்து வரும் பஸ் நேரத்துக்கு வராது. உங்கள் மெஷின் திறந்து இன்டர்நெட் லைன் கிடைக்கவே அரை மணி ஆகும். அந்த ஒரு வகுப்பு வீணாகக் கூடாதென்று, காலையில் நானே திறந்து வைக்கும்படி பட்டன் பட்டனாகக் காட்டினீர்கள். "ஒங்களுக்கு எழுத்தே தெரியாது. ஒங்கள விடப் பத்திரமான பூட்டு ஏது?"

நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்த அன்று மூன்றாம் வருட மாணவன் ஒருவன் வந்தான். சித்தூர் பக்கம் என்பதால் தமிழ் பேசுவான்; காலையில் நான் மெஷினைத் திறப்பதைப் பார்த்திருந்தவன். "தாத்தா, மேடம் போன் பண்ணாங்க. என் ரெகார்டு அவங்க மெஷின்ல இருக்குது. தொறந்து குடுங்க, அஞ்சு நிமிஷம்." தயங்கினேன். "ஏம் காது தாத்தா" என்றான். தெலுங்கில் ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். திறந்துவிட்டு, வாசலில் பிள்ளைகள் கழற்றிப்போட்ட செருப்புகளை ஒழுங்குபண்ணப் போனேன்.

மறுநாள் பார்த்தால், உங்கள் பெயரில் எல்லோருக்கும் மெயில் போயிருந்தது. அவனோடு படித்த ஒரு பெண்ணைப் பற்றி, வாயால் சொல்லக் கூசும் பேச்சு. அந்தப் பெண் அப்புறம் காலேஜுக்கே வரவில்லை.

பிரின்ஸிபால் அறையில் உங்களை நிற்கவைத்தார்கள்; லேப் ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பாஸ்வேர்டு வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார்கள். நீங்கள் என் பெயரைச் சொல்லவில்லை. பிரின்ஸிபால் என் பக்கம் திரும்பி, "தும்கு மாலூம் க்யா?" என்றார், உனக்குத் தெரியுமா என்று.

"எனக்கு எழுத்தே தெரியாது சார்" என்றேன்.

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தீர்கள். நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தீர்கள். என் வேலையை நினைத்தேன். செல்வியின் படிப்பை நினைத்தேன். தரையைப் பார்த்தேன்.

பாஸ்வேர்டு என்னுடையது, பொறுப்பும் என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டீர்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "வாரேன் அண்ணாச்சி" என்றீர்கள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு எந்தக் காலேஜும் உங்களை எடுக்கவில்லை என்று காதில் விழுந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

போன மாதம் காலேஜின் பழைய டைப்பிஸ்ட் என்னைச் சந்தையில் பார்த்து, நீங்கள் இறந்துவிட்டதாகச் சொன்னார். மறுநாளே காலேஜுக்கு ஓடினேன். எல்லோரும் புதியவர்கள். ஆபீஸில் இருந்த பெண்ணிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். "அந்த மேடம் யாருன்னே எங்களுக்குத் தெரியாது தாத்தா. அந்த ஃபைலும் இல்ல. டீ குடிச்சிட்டுப் போங்க" என்று தெலுங்கில் சொன்னாள். நல்ல பெண். நாற்காலிகூடப் போட்டாள். எனக்கு அங்கேயே தலையை முட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. குற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறேன் அம்மா, வாங்கிக்கொள்ள ஆளில்லை.

செல்வி பேனாவை நிறுத்திவிட்டாள்.

"என் படிப்புன்னு சொன்னியே, அதையும் எழுதணுமா நைனா?"

"எழுது."

எழுதிவிட்டு, அந்த எட்டு எழுத்து என்ன, அழுத்திக் காட்டு என்கிறாள். நான் அழுத்தினால் அவள் படித்துவிடுவாள். அது உங்கள் ஊர்ப் பெயரோ, பெற்றவர் பெயரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. மாட்டேன் என்றுவிட்டேன். செத்தாலும் அது என் விரலோடு வேகட்டும்.

எனக்குக் கையெழுத்து வராது. செல்வி மை டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறாள். பெருவிரலை அழுத்துகிறேன். அன்று அந்த அறையில் கேட்டதற்கு இதுதான் பதில்.

தெரியும் சார். திறந்துவிட்டது நான்தான்.